தோலில் நீலம், மாணிக்கத்தில் சிவப்பு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில், குரோம் உப்பில் ஊறி டிரம்மை விட்டு இறங்கும் தோல் வெளிர்நீலமாக இருக்கும். ‘வெட் புளூ’ என்பார்கள். அந்த நீலம் குரோமியம் தருவது. மாணிக்கத்தைச் சிவக்க வைப்பதும் அதே குரோமியம்தான்.

மாணிக்கம் என்பது சிவந்த குருந்தம். தூய குருந்தத்தில் இருப்பவை அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே. கடினத்தில் மோஸ் அளவுகோலில் 9. அதற்கு மேல் 10-இல் வைரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் குருந்தத்துக்குப் பெயர்போன இடம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பாறைக்குழம்பு இறுகி, அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறை அங்கே உருவானது. பிறகு அது ஆழத்தில் அழுந்தி, கடும் வெப்பத்தில் வெந்து, உருகாமலேயே உள்ளமைப்பு மாறியது. இதைத்தான் உருமாற்றம் என்கிறோம். சித்தம்பூண்டிக் குருந்தம் அந்த உருமாற்றத்தில் விளைந்தது.

குருந்தம் விளைய அலுமினியம் நிறைய வேண்டும், சிலிக்கா குறைவாக வேண்டும். சிலிக்கா தாராளமாக இருந்தால் அலுமினியம் அதோடு கூடி சில்லிமனைட் போன்ற வேறு கனிமமாகிவிடும். மணலும் குவார்ட்ஸும் மலிந்த நம் பூமியில் நல்ல குருந்தம் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். சித்தம்பூண்டிப் பாறையில் குரோமியம் அடங்கிய குரோமைட் அடுக்குகளும் உண்டு. ஆனாலும் அங்குள்ள குருந்தம் பெரும்பாலும் ஒளி ஊடுருவாதது, நகைக்கு ஆகாது.

இனி நிறத்துக்கு வருவோம். மாணிக்கத்தில் நூறு அலுமினிய அணுக்களுக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ குரோமியம் புகுந்திருக்கும். அது அலுமினியத்தைவிடச் சற்றுப் பருமன். சின்னச் செருப்புக்குள் திணித்த கால்போல, சுற்றியுள்ள ஆக்சிஜன் அணுக்கள் அதை நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தில் அது ஒளியிலுள்ள பச்சையையும் ஊதாவையும் விழுங்கி, சிவப்பை விட்டுவிடுகிறது. தோலில் நெருக்கம் குறைவு. அங்கே மஞ்சள், செம்மஞ்சள் பக்கத்து ஒளியை விழுங்குவதால் நீலம் தெரிகிறது. குருந்தத்தில் குரோமியம் அளவுக்கு மிஞ்சினாலும் அந்த நெருக்கம் தளர்ந்து, சிவப்பு போய்ப் பச்சை தட்டும்.

நம் பகுதிக்காரர்கள் ஒன்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மாணிக்கத்திலும் பதனிட்ட தோலிலும் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். கல்லுக்குள் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் கரையாமல் கிடக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவில் இருப்பதோ ஆறு இணைதிறன் கொண்டது. நீரில் எளிதில் கரையும், புற்றுநோய் தரும். மழை பெய்யப் பெய்ய அது நிலத்தடி நீரில் இறங்கி, மஞ்சளாகக் கசிந்தது.