பாலைவனத்தில் ஓடும் அதிவேகப் புகையிரதம்

சகோதரிகளே, ஹஜ்ஜுக்குப் போய்வந்த உங்கள் உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பஸ் வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம் அமர்ந்து, கால் வீங்கிப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வார். அதற்கும் முந்திய காலத்தில் ஒட்டகத்தில் போனவர்களுக்குப் பத்து நாட்களளவில் பிடித்தது. இன்று ஹரமைன் அதிவேகப் புகையிரதத்தில் ஏறினால் சுமார் 2 மணி 20 நிமிடங்களில் போய்ச் சேரலாம்.

இந்தப் பாதைக்கு ஒரு முன்கதை உண்டு. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் காலத்தில், உலக முஸ்லிம்களின் நன்கொடையும் சேர, திமிஷ்கிலிருந்து ஹிஜாஸ் புகையிரதப் பாதை போடப்பட்டது. 1908இல் அது மதீனாவை அடைந்தது. மக்கா வரை நீட்டும் எண்ணம் நிறைவேறவில்லை. முதலாம் உலகப் போரில் அந்தப் பாதையே சிதைந்தது.

110 ஆண்டுகளின் பின்னரே இரு புனித நகரங்களும் தண்டவாளத்தால் இணைந்தன. 2018 செப்டம்பர் 25ஆம் திகதி மன்னர் சல்மான் புதிய பாதையைத் திறந்து வைத்தார். ஒக்டோபர் 11இல் பொதுமக்கள் பயணம் ஆரம்பமானது. ஏறத்தாழ 450 கிலோமீற்றர் நீளமான இப்பாதையில் மக்கா, ஜித்தா நகர், ஜித்தா விமான நிலையம், மன்னர் அப்துல்லாஹ் பொருளாதார நகரம், மதீனா என ஐந்து நிலையங்கள் உள்ளன.

நாம் பழக்கத்தில் புகையிரதம் என்கிறோம்; ஆனால் இதில் புகையே இல்லை. முற்றிலும் மின்சாரத்தில் ஓடுகிறது. ஸ்பெயினில் தயாரான தொடர்கள். ஒவ்வொன்றிலும் 417 ஆசனங்கள். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம், அதாவது நிமிடத்துக்கு ஐந்து கிலோமீற்றர். அந்த வேகத்தில் பாதையோரச் சமிக்ஞையைக் கண்ணால் பார்த்து ஓட்ட முடியாது. எவ்வளவு வேகத்தில் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் சாரதியின் முன்னுள்ள திரைக்கு வந்து சேரும். பாலைவனக் காற்று தண்டவாளத்தில் மணலைக் குவிப்பதும் தீராத தொல்லை. ஆகவே தடுப்புகள் அமைத்து, மணலை அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

சோதனைகளும் வந்தன. 2019 செப்டம்பரில் ஜித்தா நிலையத்தில் பெருந்தீ மூண்டதால் இரண்டு மாதங்களுக்கு மேல் சேவை நின்றது. கொரோனாவினால் 2020 மார்ச்சிலிருந்து ஓராண்டு மீண்டும் நின்றது.

நம்மைப் போன்ற பெண்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஸவூதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்ததே 2018 ஜூனில்தான். 2022இல் இந்தப் புகையிரதத்தை ஓட்ட 30 பெண்கள் தேவை என்று அறிவித்தபோது 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். பயிற்சி முடித்த முதல் 32 பெண்கள் 2023இன் தொடக்கத்தில் சாரதி ஆசனத்தில் அமர்ந்தார்கள்.

நீங்கள் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மக்கா நிலையமும் மதீனா நிலையமும் ஹரம்களின் வாசலில் இல்லை. சில கிலோமீற்றர் தள்ளியே உள்ளன. வயதான உம்மாவைக் கூட்டிச் செல்வதானால் அங்கிருந்து போக வாகனத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். ஆசனத்தையும் நேரத்தோடு பதிவு செய்யுங்கள். வழியில் மிச்சமாகும் நேரமும் தெம்பும், இன்ஷா அல்லாஹ், மதீனாவில் அவருடைய இபாதத்துக்கு உதவும்.