ஹெல்மெட் தலைக்கு... காலுக்கு யார் காவல்?



முதல் வருஷம் ஒர்க்‌ஷாப் வாசலில் நாம் கேட்ட முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? "ஷூ போட்டுக்கிட்டு வா, இல்லேன்னா உள்ளே வராதே!" என்பதுதான். ஃபைல் பிடிப்பது, வெர்னியர் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். செருப்போடு வருகிறவனை இன்ஸ்ட்ரக்டர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். தொளதொள சட்டைக்கும் அதே கதிதான். நாமும் மறுபேச்சு இல்லாமல் காக்கி பேண்ட், கறுப்பு ஷூ என்று மாறிவிட்டோம்.

அதே ஆட்களைச் சாயங்காலம் வண்டி ஸ்டாண்டில் பாருங்கள். ஷூவைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, ரப்பர் செருப்போடு பைக்கை எடுப்பவர்கள் எத்தனை பேர்! தரையில் போல்ட் போட்டு அசையாமல் நிற்கிற லேத்துக்கு ஷூ வேண்டுமாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுகிற மெஷினுக்குச் செருப்பு போதுமாம். இது என்ன கணக்கு?

கேட்டால், "அதான் ஹெல்மெட் போட்டிருக்கேனே மச்சான்!" என்று பதில் வரும். சந்தோஷம். 1988-ஆம் வருடத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. ஆனால் அது தலையோடு நின்றுவிடுகிறது. காலுக்குச் சட்டம் கிடையாது. காலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக உள்ளவைதான் ரைடிங் பேண்டும் ரைடிங் பூட்ஸும். இவை இரண்டும் ஒரே கவசத்தின் இரு பாதிகள். ஒன்றை மட்டும் போட்டால் பாதிக் காவல்தான்.

அடி எங்கே படுகிறது?

ஐரோப்பாவில் 5 நாடுகளில் 921 இருசக்கர விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 'மெய்ட்ஸ்' என்ற அறிக்கையை 2004-இல் வெளியிட்டார்கள். அதில் கண்ட காயங்களில் சுமார் 32 சதவீதம் இடுப்புக்குக் கீழே, கால்களில். வேறு எந்த உறுப்பையும்விட இதுவே அதிகம். அடுத்தது கைகள், மூன்றாவதுதான் தலை.

தலைக் காயம் உயிரை எடுக்கிறது. அதனால் ஹெல்மெட்டுக்குத்தான் முதலிடம், அதில் சந்தேகமே வேண்டாம். கால் காயம் உயிரை எடுப்பது குறைவு. ஆனால் நம்முடைய பிழைப்பை எடுத்துவிடும். டிப்ளமோ முடித்து நாம் போகப்போவது பெரும்பாலும் ஷாப் ஃப்ளோருக்கு. எட்டு மணி நேரம் நின்றபடி ஷிஃப்ட் பார்க்க வேண்டும், ஏணி ஏற வேண்டும், டவர் ஏற வேண்டும். கணுக்கால் நொறுங்கி, பிளேட் வைத்து, ஆறு மாதம் படுத்து எழுந்தவனுக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் எப்படிக் கிடைக்கும்? வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அப்ளைடு மெக்கானிக்ஸ் கொஞ்சம்

நாம் படித்ததை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். விழுந்தவன் தார் ரோட்டில் சறுக்கும்போது உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையும் வீதம் 0.7 × 9.8, அதாவது நொடிக்கு நொடி சுமார் 6.9 மீட்டர்.

மணிக்கு 40 கி.மீ. என்றால் 1.6 நொடி, 9 மீட்டர் சறுக்கல்.
60 கி.மீ. என்றால் 2.4 நொடி, 20 மீட்டர்.
80 கி.மீ. என்றால் 3.2 நொடி, 36 மீட்டர்.

வேகம் இரட்டிப்பானால் சறுக்கும் நேரம் இரட்டிப்பு, தூரமோ நான்கு மடங்கு! இந்தக் கணக்கில் நம்ம எடை எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? ஒல்லியோ குண்டோ, சறுக்கல் ஒன்றுதான். 60 கிலோ ஆள் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அவனிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 8,300 ஜூல். அதில் பெரும்பகுதி அந்த இரண்டரை நொடியில் சூடாகவும் தேய்மானமாகவும் மாறியாக வேண்டும். தேயப்போவது துணியா, தோலா என்பதுதான் கேள்வி.

இது சறுக்கல். விழுகிற அடி வேறு சமாச்சாரம். சீட் உயரம் 80 சென்டிமீட்டர் என்றால், வண்டி ஓடினாலும் நின்றாலும் தரையில் மோதும் செங்குத்து வேகம் ஒன்றேதான்: நொடிக்கு சுமார் 4 மீட்டர். அந்த அடி நேராக இடுப்பிலும் முழங்கால் சில்லிலும் இறங்குகிறது. ஆகவே பேண்டுக்கு இரண்டு வேலை. துணி சறுக்கலைத் தாங்க வேண்டும், உள்ளே வைத்த பேட் அடியைத் தாங்க வேண்டும்.

ஜீன்ஸ் போதாதா?

போதாது. ஐரோப்பாவின் பழைய இ.என். 13595 தரத்தில் ஒரு சோதனை உண்டு. நம்ம ஒர்க்‌ஷாப்பில் இருப்பது போன்ற 60-ஆம் நம்பர் எமரி பெல்ட்டை மணிக்கு சுமார் 28 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, அதன் மேல் துணியை இறக்குவார்கள். முழங்கால், இடுப்பு மாதிரியான முக்கிய இடங்களில் குறைந்தது 4 நொடி ஓட்டை விழாமல் தாங்கினால் முதல் நிலை. 7 நொடி தாங்கினால் இரண்டாம் நிலை. சாதாரண ஒற்றை டெனிம் ஒரு நொடி தாங்குவதே பெரிது. சறுக்கல் 2.4 நொடி என்றால் மிச்ச நேரம் யார் தேய்வது? நம்ம தோல்தான்!

பாலியெஸ்டர் டிராக் பேண்ட் இன்னும் மோசம். சுமார் 260 டிகிரி செல்சியஸில் அது உருகி, சிராய்த்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். டாக்டர் அதைப் பிய்த்து எடுக்க வேண்டும்.

1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல மாட்டுத் தோல்தான் இன்றைக்கும் ரேஸ் ஆட்களின் நம்பிக்கை. அதற்கு அடுத்து அராமிட் இழை. 1965-இல் டியூபாண்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த கெவ்லார் இந்த வகைதான். இது உருகாது. பார்வைக்குச் சாதாரண ஜீன்ஸ் மாதிரி இருந்து, உள்ளே அராமிட் லைனிங் வைத்த பேண்டுகள் இப்போது கிடைக்கின்றன. கெட்டியான நைலான் துணியில் வருபவை மூன்றாவது ரகம்.

2020-இல் வந்த இ.என். 17092 தரத்தின்படி லேபிளில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று இருக்கும். 'ஏ' கூடக் கூட தாங்கும் சக்தி கூடும். தையலையும் பாருங்கள். துணி நின்று தையல் பிரிந்தால் பேண்ட் வாய் திறந்துவிடும். முக்கிய இடங்களில் இரண்டு, மூன்று வரித் தையல் இருக்க வேண்டும்.

முழங்கால், இடுப்பு பேடுகளுக்குத் தரம் இ.என். 1621-1. 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு, அதாவது சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, பேட் மேல் போடுவார்கள். அடியில் வந்து சேரும் விசை சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. 20-க்குள் இருந்தால் லெவல் 2. வாங்கும்போது நின்று பார்க்காதீர்கள், வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது முழங்காலில் இருக்கும் பேட், உட்கார்ந்ததும் தொடைக்கு ஏறிவிட்டால் அது வெறும் பஞ்சு மூட்டைதான்.

பூட்ஸ் என்ன செய்கிறது?

வண்டி சாயும்போது பாதம் எங்கே இருக்கிறது? ஃபுட் ரெஸ்ட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில். மேலே விழுவது 130 கிலோவிலிருந்து 190 கிலோ வரை உள்ள இரும்பு. கேன்வாஸ் ஷூவால் அதைத் தாங்க முடியுமா? மேலும், கயிறு கட்டிய லூஸான ஷூ சறுக்கலில் கழன்று போய்விடும். அதற்கப்புறம் வெறுங்கால்தான்.

ரைடிங் பூட்ஸின் தரம் இ.என். 13634. உள்ளே உள்ள லேபிளில் நான்கு எண்கள் வரிசையாக இருக்கும்: உயரம், உராய்வு தாங்கல், வெட்டு தாங்கல், அடிப்பாகம் பக்கவாட்டில் நசுங்காமை. ஒவ்வொன்றும் 1 அல்லது 2. இதில் நாலாவதுதான் பலரும் கவனிக்காதது. இரண்டு கையாலும் பூட்ஸின் அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் அமுக்கிப் பாருங்கள். அட்டைப் பெட்டி மாதிரி மடங்கினால் வேண்டவே வேண்டாம்.

கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் மூடியிருக்க வேண்டும். குதிகாலும் விரல் முனையும் கெட்டியாக இருக்க வேண்டும். அடித்தோல் மழை ரோட்டில் காலை ஊன்றினால் வழுக்கக் கூடாது. கயிறு இருந்தால் அதை மூட மேலே ஒரு வெல்க்ரோ பட்டை வேண்டும். தொங்குகிற கயிறு கியர் லீவரில் மாட்டினால் சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய வேண்டியதுதான்.

ஜோடிப் பொருத்தம்

இப்போது இரண்டையும் சேர்ப்போம். நின்றுகொண்டிருக்கும்போது கணுக்கால் வரை இறங்கியிருக்கும் பேண்ட், முழங்காலை மடக்கியதும் ஒரு சாண் மேலே ஏறிவிடும். அங்கே தெரிகிற வெறும் கெண்டைக்கால் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில்தான் சைலன்சர்! சூடு பட்ட தழும்பைக் காட்டச் சொன்னால் வகுப்புக்கு நாலு பேர் பேண்டைத் தூக்குவார்கள். ஆகவே உட்கார்ந்த நிலையிலும் பேண்ட் பூட்ஸின் மேல் நாலு விரல் அகலமாவது படிந்திருக்க வேண்டும்.

உள்ளேயா, வெளியேயா என்ற பட்டிமன்றம் எப்போதும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பெரும்பாலும் இறுக்கமான தோல் பேண்டை பூட்ஸுக்குள் விட்டிருப்பார்கள். அங்கே வேகம்தான் முக்கியம், எதுவும் படபடக்கக் கூடாது. நம்ம ஊர் ரோட்டுக்கு அது சரிப்படாது. மழை பேண்ட் வழியாக வழிந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கி, பூட்ஸ் வாளியாகிவிடும்! பேண்டை வெளியே விட்டு, கீழ்ப்பகுதியை வெல்க்ரோவாலோ ஜிப்பாலோ இறுக்கிக்கொள்வதே நல்லது. இறுக்காத அகலக் கால் பேண்ட் செயினிலும் ஃபுட் ரெஸ்ட்டிலும் மாட்டும். சறுக்கும்போது முழங்கால் வரை சுருண்டு ஏறிவிட்டால், விலை கொடுத்து வாங்கிய பேட் இருந்தும் பயனில்லை.

ஸ்டைல் எங்கிருந்து வந்தது?

"பார்க்க நல்லா இருக்குமா?" என்பது நியாயமான கேள்விதான். நம்ம வயசு அப்படி! ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். இன்று ஸ்டைல் என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு காலத்தில் வேலை உடுப்பு. தொடையில் அகன்று முழங்காலுக்குக் கீழே ஒட்டிப்பிடிக்கும் பிரீச்சஸை 1897-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிரபலமாக்கியவர் ஜோத்பூர் சர் பிரதாப் சிங். குதிரையேறப் பிறந்த அந்த உடுப்பைப் பிறகு உலகப் போர்களில் பைக்கில் தபால் கொண்டுபோன வீரர்கள் உயரமான பூட்ஸோடு அணிந்தார்கள். ரிவெட் வைத்த ஜீன்ஸ் 1873-இல் உழைப்பாளிகளின் பேண்டாகத்தான் வந்தது. 1953-இல் 'தி வைல்டு ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட், ஜீன்ஸ், பூட்ஸோடு வந்து நின்ற பிறகு உலகமே அதைக் காப்பி அடித்தது. வேலைக்குப் பொருந்தியது முதலில் வந்தது. அழகு அதன் பின்னாலேயே வந்தது. அளவாகத் தைத்த ரைடிங் பேண்ட், கணுக்காலை மூடிய கறுப்பு பூட்ஸ் போட்டவனைக் கண்ணாடியில் பாருங்கள். கம்பீரம் தானாக வரும்!

பாக்கெட் மணிக்குள் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க யாரிடமும் காசு இல்லை. வரிசையாகப் போகலாம்.

முதலில், செருப்பை விடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வாங்கிய கணுக்கால் உயர ஷூவைக் கழற்றாமல் வீடு வரை ஓட்டுங்கள், செலவு பூஜ்யம். ஆஸ்திரேலியத் தலைநகர் பகுதியில் 2008-09இல் விபத்தில் சிக்கிய 212 பேரை ஆராய்ந்தார்கள். ரைடிங் பூட்ஸ் அல்லாத சாதாரண பூட்ஸ் போட்டவர்களுக்கும் கூட, ஷூ, ஜாகர்ஸ் போட்டவர்களைவிடப் பாதக் காயம் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ என்றால் ஒன்று மட்டும் கவனம்: முனை கியர் லீவருக்கு அடியில் சுலபமாக நுழைகிறதா என்று நின்ற வண்டியில் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது, ஜீன்ஸுக்கு மேல் கட்டும் முழங்கால் பேட். மூன்றாவது, காசு சேர்ந்ததும் நல்ல பேண்ட். நம்ம வெயிலுக்கு வலைத்துணி வைத்தது சுகம். ஆனால் முழங்காலிலும் பின்பக்கத்திலும் வலை இல்லாமல் கெட்டித் துணியாக இருக்க வேண்டும். கடைசியாக ரைடிங் பூட்ஸ். மலிவு சரக்கில் ஏமாறாதீர்கள். அதே ஆஸ்திரேலிய ஆய்வில் ரைடிங் பேண்டுகளில் நாலில் ஒன்றுக்கு மேல் விபத்தில் கிழிந்து போனது. பெயரைவிட லேபிளையும் தையலையும் நம்புங்கள்.

பின்னால் உட்காருகிறவர்களையும் மறக்க வேண்டாம். அவர்களும் அதே ரோட்டில்தான் விழுவார்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி சொல்கிறது. நம்ம ஊரில் சேலை கார்டு என்கிறோமே, அதுதான். "லுக் போயிடுச்சு" என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள், அம்மாவின் முந்தானையையும் தங்கையின் துப்பட்டாவையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எந்தப் பேண்டும் பூட்ஸும் லாரியில் மோதியவனைக் காப்பாற்றாது. எலும்பு முறிவை முழுக்கத் தடுக்கவும் செய்யாது. சிராய்ப்பைக் குறைக்கும், நசுங்கலைக் குறைக்கும், ஆஸ்பத்திரி நாட்களைக் குறைக்கும். வேகத்தைக் குறைப்பது நம்ம வலது கையில்தான் இருக்கிறது.

ஃபைனல் இயர் முடித்து நாளைக்கு நாம் போகும் தொழிற்சாலை வாசலிலும் "பாதுகாப்பே முதல்" என்ற பலகை தொங்கும். அந்த வாசலுக்குள் இரண்டு காலோடும் நடந்து போவோம், நண்பர்களே!