ஒலிப்பதிவுக்கு எதிராக வாதாடியவர்

2009 அக்டோபர் 16 அன்று காலை நியூயார்க்கில் ராஜ் ராஜரத்தினம் கைது செய்யப்பட்டார். கொழும்பில் பிறந்த தமிழரான அவர், கேலியன் என்ற முதலீட்டு நிதியத்தை 700 கோடி டாலர் வரை வளர்த்தவர். நிறுவனங்களின் ரகசியத் தகவல்களை முன்கூட்டியே பெற்றுப் பங்குகளை வாங்கி விற்றார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அவருக்காக வாதாட வந்தவர் ஜான் டவுட்.

டவுட் தொழில் பழகியது அரசுத் தரப்பில். மரைன் படையில் ராணுவ வழக்கறிஞராக இருந்தவர், 1970களில் அமெரிக்க நீதித்துறையில் மாஃபியா கும்பல்களைப் பின்தொடரும் சிறப்புப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸ் தன் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினாரா என்று 1989இல் விசாரித்து 225 பக்க அறிக்கை கொடுத்ததும் அவர்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோஸ் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டார். அடுத்து, சார்லஸ் கீட்டிங்கின் சேமிப்பு வங்கி விவகாரத்தில் செனட் நெறிமுறைக் குழு விசாரணை நடத்தியபோது, செனட்டர் ஜான் மெக்கெய்ன் பக்கம் நின்றார்.

பொருளாதாரக் குற்ற வழக்குகளின் போக்கே தனி. கொலை வழக்கில் யார் செய்தது என்பது கேள்வி. இங்கோ கையெழுத்து, தேதி, தொகை எல்லாம் ஆவணத்தில் பதிவாகியிருக்கும். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் வழக்கு. அதனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நடந்ததை மறுப்பதில்லை. நடந்ததற்கு வேறொரு நியாயமான காரணம் காட்டுகிறார். கூடவே, அரசு எந்த வழியில் சாட்சியம் திரட்டியது, விசாரணை முறைப்படி நடந்ததா என்று ஒவ்வொரு படியையும் சோதிக்கிறார்.

இந்தச் சோதனையின் பலனை அரிசோனா ஆளுநர் ஃபைஃப் சைமிங்டன் வழக்கில் காணலாம். 1997இல் டவுட் அவருக்காக வாதாடித் தோற்றார். வங்கி மோசடியில் குற்றவாளி என்று தீர்ப்பானது, சைமிங்டன் பதவி விலகினார். ஆனால் ஜூரியர்கள் கலந்தாலோசித்துக்கொண்டிருந்த கட்டத்தில் ஒரு பெண் ஜூரரை நீதிபதி நீக்கியிருந்தார். மற்றவர்களோடு அவர் கருத்து ஒத்துப்போகாததே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று கூறி, 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

ராஜரத்தினம் வழக்கில் எதிரே நின்றது அதைவிடக் கடினமான ஒன்று: கட்சிக்காரரின் சொந்தக் குரல். 2008 மார்ச் முதல் அவருடைய கைப்பேசியை அரசு ஒட்டுக்கேட்டிருந்தது. மாஃபியாவுக்கு எதிராகக் கையாளப்பட்டுவந்த இந்த முறை, உள் தகவல் வர்த்தக விசாரணையில் இவ்வளவு விரிவாக அதற்குமுன் பயன்பட்டதில்லை.

1968ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்புச் சட்டம், எந்தெந்தக் குற்றங்களுக்கு அனுமதி கேட்கலாம் என்று பட்டியலிடுகிறது. அதில் பங்கு மோசடி இல்லை. தொலைத்தொடர்பு வழி மோசடி உண்டு. சாதாரண விசாரணை முறைகள் பலன் தராது என்பதையும் அரசு நீதிபதியிடம் விளக்க வேண்டும். இங்கேதான் டவுட் தரப்பு பிடித்தது. பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் ஏற்கெனவே ஆவணங்களும் வாக்குமூலங்களும் திரட்டி விசாரித்துவந்ததை அரசு தன் மனுவில் சொல்லவே இல்லை. இது அற்பமான நுணுக்கம் அல்ல. ஒருவருடைய அந்தரங்கப் பேச்சைக் கேட்க அனுமதி கோரும் அரசு, நீதிபதியிடம் முழு உண்மையையும் வைக்கக் கடமைப்பட்டது. அந்த விடுபடுதலை நீதிபதி ரிச்சர்ட் ஹோல்வெல் கண்டித்தார். ஆனாலும் 2010 நவம்பரில் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்றார்.

விசாரணை 2011 மார்ச்சில் தொடங்கியது. வெளியே கிடைக்கும் துணுக்குத் தகவல்களைச் சேர்த்துக் கோத்து முடிவெடுப்பது பங்கு ஆய்வாளரின் அன்றாட வேலை என்று டவுட் வாதிட்டார். ஆய்வறிக்கைகள், செய்தித்தாள் துணுக்குகள் எனக் காகிதங்களை அடுக்கினார். ஜூரியர்களோ நாற்பதுக்கும் மேற்பட்ட உரையாடல்களைக் கேட்டார்கள். அவற்றில் ஒன்றில், கோல்ட்மேன் சாக்ஸ் நஷ்டம் காட்டப்போகிறது என்று அதன் இயக்குநர் குழுவில் இருப்பவரே சொன்னதாக ராஜரத்தினம் பேசுகிறார். இதற்கு எந்தச் செய்தித் துணுக்கும் பதிலாகாது. ராஜரத்தினம் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. மே 11 அன்று 14 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாயின. 11 ஆண்டு சிறை. உள் தகவல் வர்த்தகத்துக்கு அதுவரை விதிக்கப்பட்ட தண்டனைகளில் நீளமானது அது.

2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒட்டுக்கேட்பு செல்லும் என்றது.

2017இல் டவுட், அதிபர் டிரம்பின் வழக்கறிஞர் குழுவில் சேர்ந்தார். சிறப்பு விசாரணையாளர் ராபர்ட் முல்லர் அதிபரை நேரில் அமர்த்திக் கேள்வி கேட்க விரும்பியதை உறுதியாக எதிர்த்தார். 2018 மார்ச்சில் குழுவிலிருந்து விலகினார். அந்த நவம்பரில் டிரம்ப் முல்லருக்கு எழுத்தில் மட்டுமே பதிலளித்தார்.