பழைய கணிப்பொறியில் தங்கிய தமிழ்

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கரமனை, நீலகண்ட சிவன் வாழ்ந்த ஊர். அங்கு ஆற்றை அடுத்த அக்கிரகாரத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்து வருகின்றன. இத்தகைய வீடொன்றில், பெரியவர் ஒருவர் 1990-களில் தட்டச்சிட்ட குடும்ப வரலாறும் பஜனைப் பாட்டுகளும் பழைய கணிப்பொறியொன்றில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிளாப்பித் தட்டுகள் பூஞ்சணம் பிடித்துப் போயின. பொறியோ இன்னும் உயிரோடிருக்கிறது. பழைய சாமான் வாங்குவோர் வருமுன் அந்தத் தமிழை வெளியே கொணர்வது எங்ஙனம்?

பொறியின் பின்புறத்தில் ஒன்பது முட்களுடைய சீரியல் இணைப்பு ஒன்று இருக்கும், அதுவே வழி. அதன் வழியே செய்தி ஒவ்வொரு பிட்டாக, எறும்புச் சாரிபோல ஒற்றை வரிசையில் செல்லும். 3-ஆம் முள் அனுப்புவது. 2-ஆம் முள் பெறுவது. 5-ஆம் முள் இரண்டுக்கும் பொதுவானது. இருவர் உரையாடுங்கால் ஒருவர் வாய் மற்றவர் செவியை நோக்க வேண்டுமன்றோ? ஆகையால் வடத்தின் ஒரு முனையிலுள்ள 3, மறுமுனையின் 2-ஐச் சேரல் வேண்டும். கடைக்காரர் இதனை ‘நல் மோடம் கேபிள்’ என்பர். குறுக்கிடாத நேர் வடமும் தோற்றத்தில் இதனையே ஒத்திருக்கும்; மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குவதே நலம். புதிய பொறிகளில் இவ்விணைப்பு பெரும்பாலும் இல்லை, யு.எஸ்.பி. மாற்றி ஒன்று வேண்டும். இரு பொறிகளையும் நிறுத்திவிட்டே வடத்தைப் பொருத்துக.

இரு பக்கமும் ஒரே வேகம் அமைத்தல் வேண்டும். வினாடிக்கு 9600 பிட் என்றால், ஓர் எழுத்துக் குறிக்குத் தொடக்க முடிவுக் குறிகளோடு பத்துப் பிட்டாக, 960 குறிகள் செல்லும். ஒரு பிளாப்பித் தட்டு நிறைந்த செய்திக்கு ஏறக்குறைய இருபத்தாறு நிமிடம் ஆகும், காத்திருக்கலாம். மூன்றே கம்பியுள்ள வடமாயின் ‘ஹார்டுவேர் கட்டுப்பாடு’ என்பதை நிறுத்திவிட வேண்டும். இன்றேல் பொறி வாராத விடையை எதிர்நோக்கி வாளா இருக்கும். அனுப்புவதற்குக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1981-இல் தோன்றிய கெர்மிட் முறை ஏற்றது. அது செய்தியைச் சிறு பொதிகளாக்கி, பழுதுற்ற பொதியை மீண்டும் அனுப்பும்.

தமிழர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமைப்பில் ‘7 பிட்’, ‘8 பிட்’ என்று இரண்டு காணப்படும். ஆங்கிலத்துக்கு ஏழு போதும், தமிழுக்குப் போதாது. அரசு அலுவலகங்களில் வழங்கிய ஜிஸ்ட் முறையில் தட்டச்சிட்டவை 1991-ஆம் ஆண்டின் இஸ்கி தரப்படி அமைந்தவை. அதில் ‘க’வின் எண் 179. எட்டாம் பிட்டை வெட்டினால் 128 கழிந்து 51 ஆகிவிடும். அது ‘3’ என்னும் இலக்கத்தின் எண். ‘கரமனை’ என்று எழுதியது, 3-ஐயடுத்து ஓ, எல், ஜி, பி என்னும் ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். பொறி பிழை எதுவும் காட்டாது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இத்தகைய மௌனப் பிழையே பெரிதும் அச்சம் தருவது.

வந்து சேர்ந்ததை யூனிகோடாக மாற்றினால்தான் இன்றைய பொறிகளிலும் கைப்பேசியிலும் படிக்கலாம். அங்கு ‘க’வின் எண் 2965. இஸ்கியில் இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் எண் பொதுவாதலின், மாற்றும் நிரலிடம் ‘தமிழ்’ என்று சொல்ல மறக்கலாகாது. மறந்து ‘மலையாளம்’ என்று விட்டால் பாட்டு முழுவதும் மலையாள எழுத்தில் வரும். தமிழ் பேசத் தெரிந்தும் மலையாளம் மட்டுமே படிக்கக் கற்ற பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில், அப்படியும் ஒரு படி எடுத்து வைக்கலாம்.