சுவரொட்டியும் மைசூர்பாகும்

வெள்ளாட்டுக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மைசூர்பாகில் தண்ணீர் அநேகமாக இல்லை. பாகு காய்ச்சும்போதே அது ஆவியாகிவிடுகிறது. கறி மறுநாளே கெடுவதற்கும் மைசூர்பாகு டப்பாவில் பல நாள் தாங்குவதற்கும் இதுவே காரணம். இரண்டின் சத்தையும் எடைக்கு எடை ஒப்பிடும்போது கிடைக்கும் எண்களைப் பெரிதும் தீர்மானிப்பதும் இந்தத் தண்ணீர்தான்.

தீபாவளிக் காலையில் இரண்டும் ஒரே வீட்டில் சேர்கின்றன. சென்னை மாநகராட்சியின் இறைச்சிக்கூடங்களில் ஒன்று அமைந்திருக்கும் சைதாப்பேட்டையில் அன்று விடிவதற்கு முன்பே கறிக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் லேகியம், இனிப்பு, அதன்பின் இட்லியும் கறிக்குழம்பும் என்பது பல வீடுகளின் வரிசை. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். ஆகவே எது கூடுதல் சத்து என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வி அல்ல.

இந்தியாவில் இதற்கு எண்களால் விடை தேடும் வேலை தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் சிறிய அளவில் ஆரம்பித்த ஆய்வுப் பிரிவு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அதன் இயக்குநராக இருந்த வாலஸ் அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

அந்த நிறுவனத்தின் பழைய அட்டவணையில், 100 கிராம் வெள்ளாட்டுத் தனிக்கறிக்கு 118 கிலோ கலோரி, 21.4 கிராம் புரதம், 3.6 கிராம் கொழுப்பு என்று இருக்கிறது. மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். மைசூர்பாகு கடைக்குக் கடை மாறுவதால் அதைச் செய்முறையிலிருந்து கணக்கிடுவதே நேர்மை. 100 கிராம் கடலை மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 3,000 கிலோ கலோரி. அதாவது 100 கிராமுக்கு 590 போல. வடியும் நெய்யைத் தாராளமாகக் கழித்தாலும் 500க்குக் கீழே இறங்காது. புரதம் 100 கிராமுக்கு 4 கிராம்தான். 100 கிராம் கறியில் இருக்கும் புரதத்தை மைசூர்பாகிலிருந்து பெறவேண்டுமானால் அந்த அரை கிலோவையும் ஒருவரே சாப்பிட்டு முடிக்கவேண்டும்.

இந்தக் கணக்கில் கடலைப்பருப்பைக் குற்றம் சொல்ல இடமில்லை. சைதாப்பேட்டையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வடகறியும் அதே பருப்பில்தான் பிறக்கிறது. 100 கிராம் கடலைப்பருப்பில் ஏறத்தாழ 21 கிராம் புரதம் உண்டு. பச்சைக் கறிக்குச் சமம். வடகறியில் எண்ணெய் அதிகம் என்றாலும் பருப்பு பருப்பாகவே தட்டுக்கு வருகிறது. மைசூர்பாகிலோ ஒரு பங்கு மாவு நான்கு பங்கு சர்க்கரையிலும் நெய்யிலும் மூழ்கிவிடுகிறது. ஜாங்கிரியின் உளுந்துக்கும், அளவு வேறானாலும், இதே கதிதான்.

புரதத்தின் அளவு மட்டுமல்ல, தரமும் கணக்கில் வரும். உடலால் உண்டாக்க முடியாத அமினோ அமிலங்கள் எல்லாம் கறியில் போதிய விகிதத்தில் இருக்கின்றன; அது எளிதாகவும் செரிக்கிறது. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இட்லியும் சாம்பார் சாதமும் ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்டும் ஏற்பாடுகள். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கறியே இல்லாமலும் அந்த அளவை எட்டலாம். இனிப்பை மட்டும் நம்பி எட்ட முடியாது.

இரும்புச்சத்தில் இடைவெளி இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் அசைவம் உண்ணும் மாநிலத்தில் இப்படியா என்று தோன்றும். உண்பது வேறு, எவ்வளவு அடிக்கடி, யார் தட்டில் எத்தனை துண்டு என்பது வேறு. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கறி ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய், அடிச்சாறு சமைத்தவருக்கு மிஞ்சும் வீடுகள் குறைவல்ல.

கறிக்கடையில் இதற்கென்றே கேட்டு வாங்கும் உறுப்பு ஒன்று உண்டு: சுவரொட்டி என்னும் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைத் தணலில் சுட்டோ மிளகு போட்டு வறுத்தோ கொடுப்பது பழைய வழக்கம். 'ரத்தம் ஊறும்' என்ற அந்த நம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்தின் ஆதரவும் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் ஆட்டுக்குட்டி மண்ணீரலில் இரும்புச்சத்து ஏறத்தாழ 42 மில்லிகிராம். ஈரலில் 7 மில்லிகிராம் சொச்சம். வெள்ளாட்டுத் தசைக்கறியில் 3 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. முதிர்ந்த சிவப்பணுக்களைச் சிதைத்து அவற்றின் இரும்பைச் சேர்த்துவைப்பது மண்ணீரலின் வேலை என்பதால் இந்தக் குவிப்பு. அந்த 42 மில்லிகிராமும் அப்படியே ரத்தத்தில் சேர்ந்துவிடாது. சேமிப்பு வடிவில் இருக்கும் இரும்பை உடல் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வழக்கமாக உண்ணும் பொருள்களில் இதற்கு இணையானது வேறொன்று கிடைப்பது அரிது.

தசைக்கறியின் இரும்பு அளவில் குறைவானாலும், அதில் கணிசமான பங்கு ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. ஹீம் இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேரும். கீரை, பருப்பு, வெல்லம் ஆகியவற்றின் இரும்பு ஹீம் அல்லாதது; அதில் சேர்வது பெரும்பாலும் மிகக் குறைவு, சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இன்னும் குறையும். கறிக்கு மற்றொரு குணமும் உண்டு: கூடவே உண்ணும் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் அது கூடுதலாக உறிஞ்சவைக்கிறது. வெல்லத்தில் செய்த இனிப்பு ரத்தசோகைக்கு மருந்து என்ற பேச்சு மிகையானது. வெல்லத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் இரண்டு உருண்டையில் போய்ச் சேரும் அளவு அற்பம், கூட வரும் சர்க்கரையோ அற்பமல்ல.

வைட்டமின் பி12இல் போட்டியே இல்லை. அது இயற்கையாகக் கிடைப்பது விலங்குகளிலிருந்து வரும் உணவில் மட்டும்தான். ஒருவகைக் கொடிய ரத்தசோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரல் கொடுத்துப் பிழைக்கவைக்கலாம் என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் காட்டினார்கள். 1934இல் அவர்களுக்கும் விப்பிள் என்ற மற்றொரு ஆய்வாளருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பொருள் பி12 என்று தனியாகப் பிரிக்கப்பட்டது 1948இல்தான். இனிப்பு வகைகளில் பால் சேர்ந்தவற்றில் மட்டும் அது ஓரளவு உண்டு.

இனிப்பின் பக்கம் மிஞ்சுவது வேகமான எரிபொருள். சர்க்கரை குடலில் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. குளுக்கோஸ் நேரே ரத்தத்தில் ஏறி இன்சுலினை வரவழைக்கிறது. ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல் கையாள்கிறது. அளவுக்கு மீறினால் அது கொழுப்பாக மாறிப் படியும். மூட்டை தூக்குபவருக்கும் பந்தயத்தில் ஓடுபவருக்கும் இந்த வேகம் பயன்படும். நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அதைச் செலவழிக்க இடமில்லை.

சர்க்கரையும் நெடுங்காலமாக விருந்து நாளுக்கு உரிய பொருளாகவே இருந்தது. அதை அன்றாடப் பொருளாக்கியதில் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பங்கு உண்டு. அங்கே பார்பர், வெங்கடராமன் என்ற விஞ்ஞானிகள் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது. 

சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராமும் 25 கிராமும். 40 கிராம் எடையுள்ள ஒரு மைசூர்பாகுத் துண்டில் 16 கிராம் சர்க்கரை. மூன்று துண்டில் மேல் எல்லை முடிந்துவிடுகிறது. காபிக்குப் போடும் சர்க்கரை அந்தக் கணக்கில் சேரவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு, சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இன்டியாப் ஆய்வு கணித்தது. இனிப்பு ஒன்றே அதற்குக் காரணம் என்பது தவறு. அரிசி, உடலுழைப்பின்மை, தொப்பை, பரம்பரை எல்லாம் சேர்ந்த விளைவு அது.

கறிக்கும் குறைகள் உண்டு. அதில் நார்ச்சத்து துளியும் இல்லை. மட்டன் என்ற ஒரே பெயரில் விற்கும் வெள்ளாடும் செம்மறியும் சத்தில் ஒன்றல்ல. பழைய அட்டவணையில் செம்மறிக் கறிக்குக் கொழுப்பு 13.3 கிராம், வெள்ளாட்டைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பிலும் பிரியாணியிலும் 118 கலோரி என்ற கணக்கு நிற்காது. சிவப்பு இறைச்சி புற்றுநோய்க்கு 'அநேகமாகக் காரணமாகக்கூடியது' என்றும், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி ஐயமின்றிக் காரணமாவது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. யூரிக் அமிலம் கூடியவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் ஆகாது. கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி உண்டால் வைட்டமின் ஏ அளவு மீறும். எலும்பு சூப்பில் சுண்ணாம்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது என்பதும் வெறும் நம்பிக்கைதான். கொதிநீரில் கரைவது மிகச் சொற்பம், நல்லி எலும்பின் உள்ளே இருப்பது பெரும்பாலும் கொழுப்பு.

கறியும் இனிப்பும் ஒரே வேளையில் சேரும்போது வரிசைக்கும் விளைவு உண்டு. வெறும் வயிற்றில் விழும் ஜாங்கிரி ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்தும். கறியும் காயும் முதலில் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, ஏற்றமும் மெதுவாகிறது. கலோரி மட்டும் ஒன்றுகூடக் குறைவதில்லை.

இனிப்பு எல்லாம் ஒரே தரம் என்பதும் சரியல்ல. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் நிலக்கடலையே பெரும்பங்கு. 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதம் என்பதால், பாதி கடலை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மிட்டாயில் 12 கிராமுக்கு மேல் வரும். மைசூர்பாகைப்போல் மூன்று மடங்கு. எள்ளுருண்டை சுண்ணாம்புச்சத்தைக் கொண்டுவருகிறது. கடலை மிட்டாய்க்கு ஓராண்டு முன்பு குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பாலைச் சுண்டவைத்தது என்பதால் அதன் புரதத்தையும் சுண்ணாம்பையும் செறிவாக வைத்திருக்கிறது. மூன்றிலும் கலோரி அதிகம்தான். மெலிந்த குழந்தைக்கு அது வரம். சர்க்கரை நோயாளிக்குக் கடலை மிட்டாயும் மிட்டாய்தான், வெல்லமும் சர்க்கரைதான். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குக் கறியின் புரதத்தையும் மருத்துவர் அளந்துதான் கொடுப்பார்.