கோதுமை ஒவ்வாதார்க்குக் காலை உணவு

நலம் தரும் உணவே ஒருவருக்குத் தீங்காதல் கூடுமோ? கூடும் என்கிறது மருத்துவ இயல். கோதுமை, வாற்கோதுமை எனப்படும் பார்லி, மேனாட்டாரின் ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. சீலியாக் நோயுடையோர் அதனை உண்டால், அவர்தம் உடலின் காப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கின்றது. உண்டது உடம்பில் சேராமல் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும், குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் தோன்றும். வாழ்நாள் முழுதும் அப்புரதத்தை விலக்குவதே இதற்குரிய மருத்துவம்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 போர்க்காலக் குளிரில் ஒல்லாந்தில் ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ஊரெல்லாம் பசியால் வாட, இந்நோயுற்ற பிள்ளைகள் தேறினர். ரொட்டி வந்ததும் மீண்டும் நலிந்தனர். முன்னரே கோதுமையின்மேல் ஐயம் கொண்டிருந்த அவர், 1950-இல் தம் ஆய்வேட்டில் அதனை நிறுவினார்.

இந்நோய் கோதுமையுண்ணும் வடநாட்டில் மிகுதி, தென்னாட்டில் குறைவு. எனினும் இத்தகைய பிள்ளையுள்ள இல்லத்தில் விடிந்ததும் எழும் கேள்வி, இன்று என்ன கொடுப்பது என்பதே. மேனாட்டுத் தாய்மார் கடைகளில் பெட்டி பெட்டியாகப் புரட்டிப் பார்க்கின்றனர். நாஞ்சில் நாட்டுத் தாய்க்கோ விடை அடுக்களையிலேயே உள்ளது. அரிசிப் புட்டும் பயறும், இடியாப்பம், ஆப்பம், இட்லி, தோசை, பழங்கஞ்சி, அவல், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனிக் கிழங்கிலும் இல்லை.

ஆயினும் விழிப்பு வேண்டும். கோதுமை அரைத்த மில்லில் அடுத்து அரைக்கும் அரிசிமாவில் கோதுமை கலந்துவிடும். இவர்களுக்குரிய மாவை வீட்டிலேயே இடித்தல் நன்று. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்படுவதால், இட்லிக்கு ஊற்றும் சாம்பாரே தீங்காகலாம். கடை ஆப்பத்தில் மைதாவும், சத்துமாவில் கோதுமையும் பார்லியும் இருக்கக்கூடும். கார்ன்பிளேக்ஸ் மக்காச்சோளத்தால் ஆனதெனினும் பலவற்றில் பார்லி மால்ட் சேர்கின்றது. மால்ட் பானங்களும் அத்தகையனவே. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையுடன் கலந்தே வருகின்றது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கப்படும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. ஆகவே பொட்டலத்தைப் படித்தே வாங்குக.

ஐயமுள்ள பெற்றோர் தாமாகக் கோதுமையை நிறுத்திவிட வேண்டா. முதலில் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். முன்னரே நிறுத்தினால் நோய் சோதனையில் புலப்படாது போகலாம்.

புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் காலத்தில் மற்றொரு கவலை எழும். நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாயிற்றே! குளூட்டன் அறவே அற்ற அப்பம் திருப்பலிக்குச் செல்லாது. மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்தை ஆயரின் இசைவுடன் பயன்படுத்தலாம். அதுவும் ஒவ்வாதார் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். 2003-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதனைத் தெளிவுறுத்தியது; 2017-இல் திருவழிபாட்டுப் பேராயமும் நினைவூட்டியது. ஒரே வடிவில் பெற்றாலும் கிறிஸ்து முழுமையாகவே பெறப்படுகின்றார். ஆதலால் அப்பிள்ளைக்கு எக்குறையும் இல்லை. அப்பத்தின் துணுக்கு இடப்படாத தனிக் கிண்ணம் வேண்டுமென்று பங்குக்குருவிடம் முன்னரே கூறுங்கள்.

இனி உறவினருக்கும் அயலாருக்கும் ஒரு சொல். திருநாள் வீட்டில், “ஒரு துண்டு கேக் தின்றால் என்ன?” என்று அக்குழந்தையை வற்புறுத்தாதீர்கள். அவ்வொரு துண்டே அதன் குடலைப் புண்படுத்தும். மாறாக, அன்று அவ்வீட்டில் அனைவரும் அரிசிப் பலகாரமே உண்ணலாகாதா? தனித் தட்டு வைப்பதினும் எல்லாருக்கும் ஒரே தட்டு வைப்பது மேலான அன்பு. விருந்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கைப்பிடித்து அமர்த்தும் இல்லமே கிறிஸ்தவ இல்லம்.