குழாயின் மேல்தோல்

பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கக் குழாய்கள். பளபளக்கும் குரோம், மங்கலான நிக்கல், மேட் பிளாக், தங்கம், ரோஸ் கோல்டு. ஒரே வடிவக் குழாய் நிறத்துக்கு நிறம் விலை மாறும். கடைக்காரர் டைல்ஸ் நிறத்தைக் கேட்டுத்தான் குழாயை எடுத்துக் காட்டுவார். நாம் பதிலுக்குக் கேட்க வேண்டியவை இரண்டு: அடியில் என்ன உலோகம், மேலே இருக்கும் நிறத்தை எப்படி ஏற்றினார்கள்?

நல்ல குழாயின் உடம்பு பெரும்பாலும் பித்தளைதான். வார்க்கவும் கடையவும் வசதியானது, இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. மலிவான சரக்கில் துத்தநாகக் கலவையோ பிளாஸ்டிக்கோ இருக்கும். மேலே முலாம் ஏறிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி மின்னும். கையில் தூக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக்கை எடையே காட்டிக்கொடுத்துவிடும்.

குரோம் குழாய் என்கிறோமே, அதில் குரோமியம் இருப்பது துளியூண்டு. மெருகேற்றிய பித்தளையை நிக்கல் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சுமார் 10 மைக்ரான் கனத்துக்கு நிக்கல் படிகிறது. அதன்மேல் குரோமியம் கால் மைக்ரான் ஏறினாலே அதிகம். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணாடி போன்ற அந்தப் பளபளப்பும், பித்தளைக்குக் கிடைக்கும் காப்பும் நிக்கல் தருபவை. ஆனால் நிக்கலை அப்படியே விட்டால் நாளடைவில் மஞ்சளடித்து மங்கும். குரோமியமோ காற்றுப் பட்டவுடனே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. மேலே கீறல் விழுந்தாலும் படலம் தானே மறுபடி உருவாகிவிடும். அந்த இலேசான நீலச் சாயலும் குரோமியத்துடையதே.

தரமான முலாமில் இன்னொரு நுட்பம் உண்டு. நிக்கலையே இரண்டு அடுக்காக ஏற்றுவார்கள். மேலடுக்கில் கொஞ்சம் கந்தகம் கலந்திருக்கும். அதனால் அது கீழடுக்கைவிட எளிதில் அரிபடும். அரிப்பு உள்ளே துளைத்து வந்தால், பித்தளையை நோக்கி இறங்காமல் மேலடுக்கிலேயே பக்கவாட்டில் பரவி நின்றுவிடும். ஒரு அடுக்கைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றுகிற ஏற்பாடு.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் போன்றவர்கள் 1920களில் இந்தக் குரோம் முலாமைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கினார்கள். அதற்கு முன் குழாய் மின்ன வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து தேய்க்க வேண்டும். குரோம் ஏற்றும் பழைய முறையில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் வருவிக்கக்கூடியது. தொழிலாளிகளுக்கும் நிலத்தடி நீருக்கும் ஆபத்து. அது மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே அந்த நஞ்சு வந்தது குரோமேட் தொழிற்சாலைக் கழிவிலிருந்து. இப்போது பல இடங்களில் நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறிவருகிறார்கள். குழாயாகி வீட்டுக்கு வந்தபின் மேலே இருப்பது வெறும் உலோகக் குரோமியம். அதைத் தொடுவதற்குப் பயப்பட வேண்டாம்.

தங்க நிறத்துக்கும் ரோஸ் கோல்டுக்கும் வழி வேறு. கடையில் 'பிவிடி' என்பார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் டைட்டானியத்தையோ சிர்க்கோனியத்தையோ ஆவியாக்கி, நைட்ரஜனைச் சிறிதளவு விடுவார்கள். குழாயின்மேல் நைட்ரைடு படலம் படியும். டைட்டானியம் நைட்ரைடின் நிறமே தங்கம். அதில் தங்கம் ஒரு பொட்டும் கிடையாது. இந்தப் படலம் குரோமைவிடவும் கடினம், எளிதில் கீறல் விழாது. விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. தங்க நிறச் சாயம் பூசி மேலே லாக்கர் அடித்த குழாயும் அதே சுவரில் தொங்கும். இரண்டும் ஒன்றல்ல, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மேட் பிளாக் படத்தில் பிரமாதமாக இருக்கும். போர் தண்ணீர் வீட்டில் அதை வாங்க நான் சொல்லமாட்டேன். கடின நீர் உலர்ந்த இடமெல்லாம் கால்சியம் கார்பனேட் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். சுரண்டினால் பூச்சும் சேர்ந்து போகலாம். உப்புக்கறையையும் கைரேகையையும் ஓரளவு மறைப்பது சாட்டின் நிக்கல். துடைத்தவுடன் புதிதாகத் தெரிவது குரோம். கடலோர வீட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் நல்லது. அதில் கலந்த மாலிப்டினம் உப்புக் காற்றின் அரிப்பைத் தாங்கும். சமையலறை சிங்குக்கு 304 பெரும்பாலும் போதும்.

எந்த முலாமுக்கும் நம் ஊரில் பெரிய எதிரி, பாத்ரூம் கழுவ வாங்கும் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் பட்டறையில் பழைய குரோமைக் கரைத்து எடுப்பதும் இதே அமிலத்தால்தான். குழாயில் ஊற்ற வேண்டும் என்பதுகூட இல்லை. சிங்குக்கு அடியில் சரியாக மூடாத பாட்டிலிலிருந்து வரும் புகையே ஸ்டீலையும் முலாமையும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். உப்புக்கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணி போதும். சில நிமிடம் சுற்றிவைத்து, கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கம்பி நார் மட்டும் கூடாது. ஹேண்ட் ஷவர் பல வீடுகளில் முலாம் பூசிய பிளாஸ்டிக்தான். மற்ற குழாய்களுக்கு முன்பே அது உரியத் தொடங்கலாம். ஆகவே நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று நினைப்பவர்கள், அதே நிறம் தனி உதிரியாகக் கிடைக்குமா என்பதையும் கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது. குரோமுக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை.